சின்ன யாக்கோபைத் தேடியவர்

சீட்டின் மேல் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, நோயாளியின் பெயர் தெரியாதபடி கிளிப் போட்ட பிறகுதான் சுகிர்தபாய் டப்பாவின் மூடியைத் திறப்பார். மடிப்புக்குக் கீழே எண்ணும் வயதும் மட்டும் தெரியும். டப்பாவில் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒருமுறை, பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு ஒருமுறை அதை ஒத்துப் பார்ப்பார். பிறகு கையுறை, அதன் மேல் இன்னொரு கையுறை, முகக்கவசம், சுவரில் ஓடும் ஃபேன். டப்பா திறந்ததும், சதை கெடாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலின் நெடியில் முன்னறையில் இருக்கும் எனக்குக் கண் எரியும். பக்கத்திலேயே நிற்கிற அவருக்கு எரியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"பேரைக் கண்டா கை கள்ளம் பண்ணும் மக்கா" என்பதுதான் அந்த மடிப்புக்கு அவர் சொல்லும் காரணம். நான் லேபில் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் லேப். பாறசாலை முதல் ஒற்றசேகரமங்கலம் வரை உள்ள ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுக்கிற கட்டி, பித்தப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாம் டப்பாவில் அடைபட்டு எங்களிடம் வரும். டாக்டர் பிரசீதா மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார், நான் ரிப்போர்ட் அடிப்பேன். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சதையை வெட்டி, தேடி, பார்க்க வேண்டிய துண்டுகளை எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். டாக்டர் மேற்பார்வையில் அதைச் செய்கிறவர் சுகிர்தபாய். ஐம்பத்து நான்கு வயது, குள்ளமான உருவம், மூக்கு நுனியில் எப்போதும் சரிந்து நிற்கும் கண்ணாடி. அவரை நான் அக்கா என்பேன். அவர் எல்லாரையும் மக்கா என்பார், டாக்டரைத் தவிர.

குடல் புற்று வந்தால் அவருடைய வேலை நீளும். சர்ஜன் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் நல்ல குடல் கொஞ்சம், அதோடு தொங்குகிற கொழுப்பு எல்லாம் சேர்த்துத்தான் வெட்டுவார். அந்தக் கொழுப்புக்குள்தான் நிணநீர் முடிச்சுகள் ஒளிந்திருக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே சாதி. லேபில் நாங்கள் நோடு என்போம். சில பயறு அளவு, சில கடுகு அளவு. கொழுப்பும் மஞ்சள், நோடும் ஏறக்குறைய மஞ்சள். கண்ணால் பார்த்துப் பயனில்லை, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். என் கம்ப்யூட்டரில் குடல் புற்றுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. கட்டி குடல்சுவரில் எத்தனை அடுக்கைத் தாண்டியிருக்கிறது, சுவரில் ஓட்டை விழுந்ததா, வெட்டிய ஓரங்கள் சுத்தமா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்ததா, கட்டியின் விளிம்பில் செல்கள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று வரி வரியாகப் போகும். கடைசியில், எத்தனை நோடு கிடைத்தது, எத்தனையில் நோய் இருந்தது. கட்டியை எடுத்த பிறகு வீட்டுக்காரர்களிடம் மிச்சமிருக்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: திரும்பி வருமா? அந்த ஒரு கேள்வியைத்தான் டாக்டர்கள் இத்தனை வரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிக்குக் குறைந்தது பன்னிரண்டு நோடு வேண்டும். நாலு வீட்டில் விசாரித்துவிட்டு ஊரிலேயே திருடன் இல்லை என்று சொல்ல முடியாதல்லவா, அது மாதிரி.

அந்தப் பன்னிரண்டை அவர் எண்ணுகிற விதம்தான் விசேஷம். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் "பேதுரு" என்று கேட்கும். பத்து நிமிஷம் கழித்து "அந்திரேயா". அதன் பிறகு யாக்கோபு, யோவான், பிலிப்பு. சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த, பைபிளின் பன்னிரண்டு சீஷர்களின் வரிசை. ஒரு நோடு கிடைத்தால் ஒரு சீஷன். ஒருநாள் எட்டாவது ஆளான மத்தேயு வரை வந்து மதியம் வரை அங்கேயே நின்றது. எனக்கே பசி மறந்து, அடுத்த ஆள் எப்போது வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் அக்கா, ஒன்று இரண்டு என்று எண்ணினால் என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுக நேரம் நெனப்பு வேற எங்கயாவது போவும். விரல் மடக்கவும் ஒக்காது, கை ரெண்டும் கொழுப்புல கிடக்கும். பேருன்னா ஆளாக்கும். ஒரு ஆளு குறைஞ்சா தெரியும்" என்றார்.

பன்னிரண்டாவதாக யூதாஸைச் சொல்ல மாட்டார். அவனுக்குப் பதிலாகப் பின்னால் சேர்ந்த மத்தியாவைத்தான் சொல்வார். காட்டிக்கொடுத்தவனை ஒரு நோயாளியின் உடம்பில் எண்ணுவது சரியில்லை என்பது அவருடைய கட்சி. மத்தியாவோடு நிற்கவும் மாட்டார். பவுல், பர்னபா, சீலா, தீமோத்தேயு, தீத்து என்று கொழுப்பு தீரும்வரை போய்க்கொண்டே இருப்பார்.

இந்தக் கை வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. அவருடைய கணவர் நேசையன் ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மாட்டிறைச்சியும் மரச்சீனிக் கிழங்கும். அக்கா ஒரு கொழுப்புத் துண்டை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டியபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நேசையன் என் காதில் சொன்னார்: "எனக்க வீட்டுக்காரிக்கு இறைச்சி குடுத்தா திங்க மாட்டா. தேடுவா."

ஊரில் அவரைப் பார்த்தால் சிலருக்குப் பயம். அவர் லேபில் என்ன வேலை செய்கிறார் என்பது செங்கல் என்கிற எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சபையில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டாளின் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கப் பக்கத்தில் வந்து நிற்பாள். அக்காவுக்கு ஒரே பதில்தான்: "சீட்டு வரும். வந்தா கையில கிட்டும்." அதற்கு மேல் எடுக்க முடியாது. வாய் திறக்காதவரின் முகத்தையாவது படிக்கலாம் என்று ஊர் முயற்சி செய்யும். அதனால் வந்த வினை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

காலை ஏழு இருபதுக்கு எங்கள் பக்கத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஓர் ஆனவண்டி உண்டு. அரசாங்க பஸ்ஸை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சில வருஷத்துக்கு முன்னால் அக்கா காய்ச்சலோடு அதில் ஏறி, வழக்கமான மூன்றாம் வரிசைக்குப் போக முடியாமல் முன் சீட்டிலேயே கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பின்னால் இருந்த ஒருத்தியின் அண்ணனுக்குத் தோளில் இருந்த கட்டியை எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்து அவள் கெட்ட செய்தி என்று முடிவுகட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் அழுகை, வெளிநாட்டிலிருந்து மகன் டிக்கெட் போட்டுவிட்டான். ரிப்போர்ட் வந்தபோது அது வெறும் கொழுப்புக் கட்டி. அன்றிலிருந்து அக்கா காய்ச்சலோ மழையோ அதே வண்டி, அதே மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.

பக்கத்துச் சீட்டு ஸ்ரீகுமாரிக்கு. சுகிர்தபாய் வீட்டு மதிலுக்கு அடுத்த வீடு. நெய்யாற்றின்கரையில் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் வேலை. பதினொரு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் போய் வருகிறார்கள். ஸ்ரீகுமாரி பேசுவாள், அக்கா கேட்பார். மருமகள் வைக்கிற சாம்பார், தையல் மிஷினின் பெல்ட், கோயிலில் கூட்டம், எல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஸ்ரீகுமாரியின் கணவன் பொன்னையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. செவ்வாழை போட்டிருக்கிறார். எட்டு மாதம் ரத்தம் போனதை மூலம் என்று சொல்லி, யாரோ கொடுத்த லேகியத்தைத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் வாழைத் தோட்டத்தில் தலைசுற்றி விழுந்தபோதுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று என்று சர்ஜன் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: பன்னிரண்டு முடிச்சாவது பார்த்து, ஒன்றிலும் நோய் இல்லாமல், மற்றதும் சரியாக இருந்தால் மருந்து ஏற்ற வேண்டியிருக்காது, எண்ணிக்கை குறைந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கீமோ பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த ஆறு மாதம்தான் ஸ்ரீகுமாரியின் பயம். பொன்னையனின் அண்ணனுக்கும் குடலில்தான் வந்தது. மருந்து ஏற்றி, கை கால் மரத்து, தேநீர் டம்ளர் பிடிக்க முடியாமல் ஆகி, அதன் பிறகும் தப்பவில்லை. பொன்னையன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். இனி ஓர் ஊசி தன் உடம்பில் ஏறாது, வந்தால் வரட்டும். அவர் சொன்னால் சொன்னதுதான். ஆக அந்தப் பன்னிரண்டு கிடைக்காவிட்டால், மருந்து வேண்டும் என்று டாக்டரும், வேண்டாம் என்று புருஷனும் தன்னை நடுவில் நிற்க வைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை வண்டியில் அக்காவிடம் கேட்டாள்: "பன்னிரண்டுன்னு சொன்னாரு அக்கா. அது எந்தக் கணக்கு?"

"அது டாக்டர்மாருக்க கணக்கு பிள்ளே" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பின் சீட்டில் இருந்தேன். ஸ்ரீகுமாரி பேசாமல் வந்த முதல் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை டப்பா வந்தது. ஒரு ராத்திரி ஃபார்மலினில் ஊறி, புதன்கிழமை மேசைக்கு வந்தது. அக்கா வழக்கம்போல் சீட்டை மடித்துக் கிளிப் போட்டார். ஆனால் மடிப்புக்குக் கீழே வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த இடத்துக் குடல் என்றும் இருந்தது. மடித்து என்ன பிரயோஜனம்?

அன்று தேடல் கஷ்டமாக இருந்தது. பதினொரு மணிக்குப் பேதுரு வந்தார். பன்னிரண்டரைக்குத்தான் தோமா. ஒன்றே முக்காலுக்கு "மத்தியா" என்று கொஞ்சம் உரக்கவே கேட்டது. உடனே குழாய் திறந்து கை கழுவும் சத்தம். பவுல் வரவில்லை, பர்னபா வரவில்லை. எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். நானோ சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிற அவசரத்தில் இருந்தேன். வெளியே வந்த அக்காவின் முகத்தில் வெயில் பட்டது மாதிரி ஒரு தெளிவு. பன்னிரண்டு என்று பதிவேட்டில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் பிரசீதா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அக்காவைக் கூப்பிட்டு மலையாளத்தில் சொன்னார்: "சேச்சி, இதில் பதினொண்ணே உள்ளூ. பந்த்ரண்டு எந்நாணல்லோ எழுதியது." டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. நோடுகளைச் சீவி ஒட்டிய கண்ணாடித் தட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், பதினொன்றுதான் இருக்கிறது, நீங்கள் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே என்று மறுபடியும் மெதுவாகச் சொன்னார்.

அக்கா அங்கேயே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு என் மேசைக்கு வந்து, "சின்ன யாக்கோபை விட்டுட்டேன் மக்கா" என்றார்.

யாரோ ஒரு பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கே விட்டீர்கள் என்று எழுந்தே விட்டேன். அப்புறம்தான் சொன்னார். சீஷர்களில் யாக்கோபு என்று இரண்டு பேர். மூன்றாவதாக வருகிறவர் பெரியவர், ஒன்பதாவது சின்னவர். மத்தேயு வரை சொல்லிவிட்டு, யாக்கோபைத்தான் சொல்லியாயிற்றே என்ற நினைப்பில் சின்னவரைத் தாண்டி ததேயுவுக்குப் போய்விட்டிருக்கிறார். மத்தியா வந்தபோது கையில் இருந்தது பதினொன்றுதான்.

"அது தப்பு. ஆனா அதில்ல குற்றம்" என்றார். "எப்பவும் மத்தியா கழிஞ்சும் தேடுவேன். அன்னைக்கு மத்தியா வந்ததும் மதி, போதும்னு தோணிச்சு. பன்னிரண்டு ஆச்சுன்னு ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசம் எனக்க கையை எடுக்க வச்சிட்டு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழுதார். நான் அந்த லேபில் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பிரிண்டரில் காகிதம் வைத்தேன், ஏற்கெனவே நிறைய இருந்தது. ஐந்து நிமிஷத்தில் முகம் கழுவிக்கொண்டு டாக்டரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். சீஷர்கள் உட்பட. டாக்டருக்குச் சிரிப்பு வந்ததா, அடக்கிக்கொண்டாரா தெரியாது. மிச்சக் கொழுப்பு அலமாரியில் இருக்கிறதல்லவா, மறுபடி பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கொழுப்பை ஒரு கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் அது தெளிந்துபோய், உள்ளே இருக்கிற நோடுகள் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அக்கா அன்று சாயங்காலமே அதைச் செய்தார். மறுநாள் காலையில் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று ஆறு பத்து வண்டிக்கே போய்விட்டார். அவர் மனசில் கரைசலும் கொழுப்பும்தான் இருந்தன, ஏழு இருபது வண்டியின் மூன்றாம் வரிசை இல்லை. இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை ஸ்ரீகுமாரி வண்டியில் ஏறினாள். மூன்றாம் வரிசை காலி. அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் காய்ச்சல் நாளுக்குப் பிறகு ஒருநாளும் காலியாகாத சீட்டு. நான் எழுந்து போய், அக்கா நேரத்தோடு போய்விட்டார், வேலை இருக்கிறது என்று சொன்னேன்.

"என்ன வேலைன்னு எனக்குத் தெரியும் அண்ணே" என்றாள். "எனக்க முகத்தைப் பாக்க மாட்டாம போயிட்டாவ."

அப்படியில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மீதியும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் கையெழுத்தாகும் முன் ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. நான் திரும்பி என் சீட்டுக்கே போய்விட்டேன். அந்த முக்கால் மணி நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு அவள் தையலை விட்டுவிட்டு எங்கள் மாடிக்கே வந்துவிட்டாள். முன்னறை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே கதவு சாத்தியிருந்தது. அக்காவுக்கு அவள் வந்தது தெரியாது. திடீரென்று உள்ளிருந்து, "சின்ன யாக்கோபு கிட்டியாச்சு" என்று தனக்குத் தானே சொல்வது கேட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆனால் இந்த முறை குழாய் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பவுல் வந்தார். பர்னபா வந்தார். சீலா, தீமோத்தேயு. கடைசியில் தீத்து.

ஸ்ரீகுமாரி கதவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா ஜெபம் பண்ணுதாவளா?"

ஒருவிதத்தில் ஆமாம் என்றேன். அவளுடைய முகம் இன்னும் வெளிறியது. ஜெபம் பண்ணுகிற நிலைக்கு வந்துவிட்டதா என்று நினைத்திருப்பாள். நல்லது சொல்லப்போய் நான் கெடுத்ததுதான் மிச்சம்.

கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்த அக்கா பெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மூன்றாம் வரிசை அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தலையில் கை வைத்துக்கொண்டார். நோடு கிடைத்துவிட்டது, சரி. அவற்றில் நோய் இருக்கிறதா இல்லையா என்பது மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, திங்கட்கிழமை டாக்டர் பார்த்தால்தான் தெரியும். என்ன சொல்வது? ஸ்ரீகுமாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாத்திரத்தைத் திறந்து, மரச்சீனியில் பாதியையும் சாளை மீன் ஒன்றையும் மூடியில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"தின்னு. முந்தாநாளு கடைசியா சோறு தின்ன மாரி இரிக்கு உனக்க முகம்."

அவள் தின்றாள். அக்காவும் தின்றார். முடித்துவிட்டு, "திங்களாழ்ச்ச நான் நம்ம வண்டியில உண்டு. நம்ம சீட்டுல வந்து இரி" என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வழக்கத்துக்கு மாறாக ஆராதனை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை என்று நேசையன் பிறகு சொன்னார். அதே நேரம் மதிலுக்கு அந்தப் பக்கத்து ஸ்ரீகுமாரி செங்கல் கோயிலில் மூன்றாவது சுற்றோ நான்காவது சுற்றோ வந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அக்கா சொன்னபடி இருந்தார். ஜன்னலோரம், பக்கத்துச் சீட்டில் பையை வைத்துப் பிடித்திருந்தார். ஸ்ரீகுமாரி ஏறியதும் பையை எடுத்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டர் பிரசீதா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கட்டி குடல்சுவரின் தசையைத் தாண்டி வெளிக் கொழுப்பைத் தொட்டிருக்கிறது. அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஓட்டை இல்லை. ஓரங்கள் சுத்தம். ரத்தக் குழாயில் இல்லை, நரம்பில் இல்லை. விளிம்பில் பிரிந்து நிற்கும் செல்கள் மிகக் குறைவு. பிறகு டாக்டர் ஒரு நிமிஷம் நிறுத்தி, புதிய தட்டுகளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: பார்த்த நோடுகள் பதினேழு, நோய் இருந்தவை பூஜ்யம். எனக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார். அவர் மூச்சு விட்டது என் பிடரியில் பட்டது.

மறுநாள் சர்ஜன் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருந்து ஏற்ற வேண்டாம். ஆனால் கட்டி தசையைத் தாண்டியதால் கவனமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு வருஷத்தில் குழாய், ஐந்து வருஷம் வரை தவறாமல் வர வேண்டும். பொன்னையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பலாச் சக்கைப்பழம் தின்னலாமா என்று கேட்டாராம். அதன் பிறகு இரண்டு ரத்தப் பரிசோதனை நல்லபடியாக முடிந்திருக்கிறது. ஊசி ஏறாது என்றவர் ரத்தம் எடுக்க மட்டும் கையை நீட்டுகிறார். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அவர்களிடமும் அக்காவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அக்கா ஒன்றே ஒன்று சொன்னார், தப்பு பண்ணினதையும் எழுத வேண்டும் என்று.

நான் சொல்ல நினைத்தது அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தை. நாலே முக்காலுக்கு ஸ்ரீகுமாரி வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். சர்ஜனிடம் காட்டுங்கள், அவர் சொல்வார் என்று எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். உறையைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தாள். ஐந்தரை வண்டி ஸ்டாண்டில் புறப்படாமல் நின்றது. மூன்றாம் வரிசையில் இருவரும், பின் சீட்டில் நான்.

அக்கா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, ஸ்ரீகுமாரியின் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து விரித்தார். சுண்டுவிரலின் அடிக் கணுவில் பெருவிரலை வைத்து, "பேதுரு" என்றார். அடுத்த கணுவில் "அந்திரேயா". மூன்றாவதில் "யாக்கோபு". அடுத்த விரல், அதற்கடுத்த விரல். ஸ்ரீகுமாரி முதலில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சனிக்கிழமை கதவுக்குப் பின்னால் கேட்ட பெயர்கள் இவைதான் என்று பாதியில் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், குனிந்து தன் விரல்களையே பார்க்கத் தொடங்கினாள். நடுவிரல் நுனிக்கு வந்ததும் அக்கா, "சின்ன யாக்கோபு" என்று சொல்லி அந்தக் கணுவை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு ததேயு, சீமோன். சுட்டுவிரல் நுனியில் மத்தியா.

ஒரு கையில் கணு தீர்ந்துவிட்டது.

"பன்னிரண்டு" என்றாள் ஸ்ரீகுமாரி.

"மத்த கையையும் நீட்டு பிள்ளே" என்றார் அக்கா. "இன்னும் அஞ்சு பேரு உண்டு."

ஸ்ரீகுமாரி பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, வலது கையை விரித்து நீட்டினாள்.